பரணில் கிடக்கும் பாட்டு உறைகள்

சொந்த ஊரில் பழைய வீட்டைக் காலி செய்துகொண்டிருப்பவர்கள் நம் குடியிருப்பில் பலர் இருக்கிறீர்கள். சிலருக்குச் சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் பக்கம் வீடு. சிலருக்குக் கல்வராயன் மலையடிவாரத்தில். தாத்தா காலத்து வீட்டை விற்பது என்றோ இடித்துக் கட்டுவது என்றோ முடிவானதும் முதலில் பரணில் இருப்பதைத்தான் இறக்குவோம். பித்தளைப் பாத்திரங்கள் பங்கு பிரியும். தேக்கு பீரோவுக்கு ஆள் தேடி வருவார்கள். காகிதம் என்று கண்ணில் படுவது எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும்.

அந்தப் பரணில் கிராமபோன் தட்டுகள் கிடைத்தால் என்ன செய்வீர்கள்? பெரும்பாலும் தட்டைத் துடைத்து எடுத்து வைப்பீர்கள். கனமாக, கறுப்பாக, மதிப்புள்ள பொருள்போல இருக்கும். ஒன்றிரண்டைச் சுவரில் மாட்டுபவர்களும் உண்டு. ஆனால் தட்டு இருந்த பழுப்பு நிறக் காகித உறை கிழிந்திருக்கும், தூசு படிந்திருக்கும். அதைக் கசக்கிப் போட்டுவிடுவோம். கூடவே இருந்த சின்னத் தகர டப்பா, பாட்டுப் புத்தகம், விலைப்பட்டியல் எல்லாம் அதோடு சேர்ந்து போகும்.

இந்தக் கட்டுரை அந்த உறைக்காகவும் டப்பாவுக்காகவும் பேசுகிறது. தட்டில் உள்ள பாட்டு நூற்றுக்கணக்கான, சில நேரம் ஆயிரக்கணக்கான பிரதிகளில் வெளிவந்தது. உங்கள் பிரதி உடைந்தாலும் வேறு ஒருவரிடம் அது இருக்கலாம். அந்தப் பாட்டை யாராவது ஏற்கெனவே இணையத்தில் ஏற்றியும் இருக்கலாம். ஆனால் எந்த ஊரில், எந்தக் கடையில், யார் அதை வாங்கினார்கள், எத்தனை முறை கேட்டார்கள் என்ற செய்தி உங்கள் வீட்டு உறையில் மட்டும்தான் இருக்கிறது. அதற்கு இரண்டாவது பிரதி கிடையாது.

அரக்கில் செய்த தட்டு

திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு அரக்கு மாளிகை தெரியும். பாண்டவர்களை உள்ளே தங்க வைத்துக் கொளுத்துவதற்காகத் துரியோதனன் கட்டிய வீடு. சூடு பட்டால் சட்டென்று இளகி எரியும் அதே அரக்கில்தான் நம் தாத்தாக்கள் கேட்ட பாட்டும் பதிந்திருந்தது.

அரக்கு என்பது மரக்கிளைகளில் கூட்டமாக ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின். கிளையோடு சேர்ந்து இருக்கும் நிலையில் அது கொம்பரக்கு. அதைச் சுரண்டி, கழுவி, உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து நொறுக்கினால் அவல்போலத் துண்டுகளாக வரும். அதனால் அவலரக்கு என்று பெயர். புரசு, இலந்தை, குசும் ஆகிய மரங்களில் இதை வளர்ப்பார்கள். புரசும் இலந்தையும் தமிழ்நாட்டு வறண்ட காடுகளிலும் உள்ள மரங்கள்தான் என்றாலும், அரக்கு பெருந்தொழிலாக நடந்தது இன்றைய ஜார்க்கண்டைச் சேர்ந்த சோட்டாநாக்பூர் வட்டாரத்தில். அந்தக் காலத்தில் உலகச் சந்தைக்குப் போன அரக்கில் மிகப் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து சென்றது.

எமில் பெர்லினர் 1887ல் அமெரிக்காவில் கிராமபோனுக்குக் காப்புரிமை கோரினார். முதலில் கெட்டி ரப்பரில் தட்டுகளை அச்சிட்டுப் பார்த்தார்கள். அது சரிவரவில்லை. 1890களின் இறுதியில் அரக்குக் கலவைக்கு மாறினார்கள். தட்டு முழுவதும் அரக்கு அல்ல. அரக்குக்குப் பிசினின் வேலை. அதனோடு கல்பொடி, பஞ்சு இழை, கறுப்பு நிறத்துக்குக் கரிப்பொடி எல்லாம் சேரும். பலகைக் கல்லின் பொடி கலந்திருப்பதால்தான் தட்டு அவ்வளவு கனம். அரக்கு கலந்திருப்பதால்தான் கீழே விழுந்தால் ஓடுபோல உடைகிறது, வெயிலில் வைத்தால் வளைகிறது.

உடையக்கூடிய பொருளுக்கு உறை வேண்டும். முதலில் உறைக்கு இருந்தது காப்பாற்றும் வேலை மட்டும்தான். வாங்குபவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பல ஆண்டு பார்த்துக்கொண்டே இருக்கும் காகிதம் இது என்று கம்பெனிகளும் கடைக்காரர்களும் விரைவிலேயே புரிந்துகொண்டார்கள். உறையில் விளம்பரம் ஏறியது அப்படித்தான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாம் உலகப்போரில் அரக்குக்குத் தட்டுப்பாடு வந்தது. அமெரிக்காவில் 1942ல் தட்டுத் தயாரிப்புக்கு அரக்கு பயன்படுத்துவதை அரசு கடுமையாகக் குறைத்தது. பழைய தட்டுகளை மக்களிடமிருந்து திரும்ப வாங்கி, அரைத்து, புதிய தட்டு செய்தார்கள். பழைய தட்டு குறைவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

லேபிள் சொல்லும் ஊர்கள்

தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தைப் பாருங்கள். அதில் ஒரு பயணக் கதை இருக்கும்.

இந்தியாவில் வணிகத்துக்காகப் பாட்டுகளைப் பதிவு செய்ய, இங்கிலாந்தின் கிராமபோன் கம்பெனி ஃபிரெட் கெய்ஸ்பர்க் என்பவரை அனுப்பியது. அவர் 1902 நவம்பரில் கல்கத்தாவில் பதிவுகளைத் தொடங்கினார். அப்போது பதிவானவர்களில் புகழ்பெற்றவர் கௌஹர் ஜான். பாட்டு முடிந்ததும் அவர் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்வார். மெழுகில் பதிந்த மூலம் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துக்குப் போய், அங்கேதான் தட்டாக அச்சாகும். யார் பாடினார் என்று அங்குள்ளவர்களுக்குத் தெரிய வேண்டுமே! அச்சான தட்டு மறுபடி கப்பலில் இந்தியா வரும்.

1908ல் கல்கத்தாவின் சியால்டாவில் கிராமபோன் கம்பெனி தொழிற்சாலை தொடங்கியது. பின்னாளில் அது டம்டம்முக்கு மாறியது. அதனால் உங்கள் தட்டில் ஹானோவர் என்ற ஊர்ப்பெயர் இருந்தால், அது மிகப் பழைய தட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் மட்டும் பாட்டு, மறுபக்கம் வெறுமை என்றாலும் அப்படியே. 'மின்சாரப் பதிவு' என்ற பொருளில் ஆங்கில எழுத்து இருந்தால், மைக் வைத்துப் பதியும் முறை வந்த 1925க்குப் பிந்தையது. அதற்கு முன்பெல்லாம் பெரிய கூம்பின் வாய்க்கு எதிரே நின்று உரக்கப் பாடினால்தான் பதியும்.

லேபிளில் பாடகரின் பெயருக்கு முன்னே ஊர்ப்பெயர் இருக்கும். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் என்று ஆரம்பகாலத் தட்டுகளில் பெண்களின் பெயர்களே அதிகம். நமக்குப் பக்கத்தில் இருக்கும் சேலம் என்ற ஊர்ப்பெயர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே தட்டுகளில் ஏறி நாடெங்கும் போனது இப்படித்தான். கோயம்புத்தூர் தாயியின் தட்டு அதைவிடத் தூரம் போனது. மொரீஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அதைக் கேட்டு மயங்கி, அதை வைத்தே 'ராகமாலிகா' என்ற இசையை எழுதினார். ஒரு தட்டும் அதில் ஒட்டியிருந்த பெயரும் கடல் தாண்டி அந்த வேலையைச் செய்தன.

காரைக்குடிக் கடையிலிருந்து சென்னைக்கு

நாய் படம் போட்ட தட்டு என்றால் எச்.எம்.வி. ஃபிரான்சிஸ் பராட் என்ற ஓவியர் வரைந்த அந்தப் படத்தை 1899ல் கிராமபோன் கம்பெனி வாங்கியது. முதலில் அவர் வரைந்தபோது நாய் கேட்டுக்கொண்டிருந்தது எடிசன் வகை உருளைக் கருவியை. விற்பதற்காக அதன்மேல் கிராமபோனை வரைந்து கொடுத்தார்.

ஆனால் தமிழ் வீடுகளில் நாய் மட்டும் இருக்கவில்லை. கொலம்பியா, ட்வின், ஓடியன் என்று வேறு முத்திரைகளும் இருந்தன. இவற்றில் ஓடியன் ஜெர்மனியைச் சேர்ந்தது. அதன் இந்தியப் பதிவுகள் 1906லேயே தொடங்கினாலும் முதல் உலகப்போரில் அந்த வணிகம் நின்றுபோனது. பிறகு 1932 முதல் 1938 வரை இரண்டாவது சுற்று. பம்பாய் அலுவலகம் வடக்குக்கு, சென்னை அலுவலகம் தெற்குக்கு என்று பிரித்துக்கொண்டு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புகளை வெளியிட்டார்கள். கச்சேரி, நாடகப் பாட்டு, நகைச்சுவை, சொற்பொழிவு எல்லாம் அதில் உண்டு. இரண்டாம் உலகப்போரோடு அதுவும் முடிந்தது.

தெற்கில் ஓடியன் தட்டுகளை விற்றவர்கள் சரஸ்வதி ஸ்டோர்ஸ். அதைக் கூட்டாளிகளோடு தொடங்கியவர் ஏ.வி. மெய்யப்பன். காரைக்குடியில் அவருடைய தந்தை ஆவிச்சி செட்டியார் நடத்திய கடையில் கிராமபோன் தட்டுகளும் விற்றன. எந்தப் பாட்டை எந்த ஊர்க்காரர் கேட்டு வாங்குகிறார் என்பதை அங்கே கல்லாவில் இருந்தே பார்த்தவர் அவர். விற்பதைவிடத் தயாரிப்பது மேல் என்று சென்னைக்குப் போனார். தட்டிலிருந்து படத்துக்கு வந்தார். 1945ல் ஏவிஎம் நிறுவனம் பிறந்தது.

பாரதியார் பாடல்களின் கதையும் இதோடு சேர்ந்தது. அந்தப் பாடல்களைத் தட்டில் பதியும் உரிமை ஒரு காலத்தில் சென்னை வணிகர் ஒருவரின் கையில் இருந்தது. அவரிடமிருந்து அதை மெய்யப்பன் வாங்கினார். 1947ல் வந்த 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாடல்களை டி.கே. பட்டம்மாள் பாடினார். 1949ல் சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புகளை எடுத்துக்கொண்டு பொதுச் சொத்தாக்க முன்வந்தபோது மெய்யப்பன் பணம் கேட்காமல் உரிமையை விட்டுக்கொடுத்தார். பாட்டின் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி தமிழ்நாட்டில் சூடு பிடித்ததற்குக் கிராமபோன் தட்டும் ஒரு காரணம்.

உறையைப் படிப்பது எப்படி

இப்போது உங்கள் வீட்டு உறைக்கு வாருங்கள். நடுவில் வட்டமாக வெட்டியிருப்பது உள்ளே இருக்கும் லேபிள் தெரிவதற்காக. சுற்றிலும் உள்ள இடத்தில் என்ன இருக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள்.

கம்பெனி அச்சிட்ட உறையாக இருந்தால் அதன் முத்திரை, கிராமபோன் பெட்டி விளம்பரம், ஊசி விளம்பரம், சில நேரம் பாடகர்களின் படங்கள் இருக்கும். கடைக்காரர் அச்சிட்ட உறையாக இருந்தால் கடையின் பெயரும் தெருவும் ஊரும் இருக்கும். கம்பெனி உறைமேல் கடைக்காரர் ரப்பர் முத்திரை குத்தியும் இருக்கலாம். அந்த முத்திரையைத்தான் நான் உங்களைத் தேடச் சொல்கிறேன். அது கடலூரா, விழுப்புரமா, சேலமா, ஆத்தூரா, பாண்டிச்சேரியா? உங்கள் தாத்தா எந்தப் பக்கம் போய் வந்துகொண்டிருந்தார் என்பது அதில் தெரியும். பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்குத் தலைநகரம் கடலூர். ஆனால் நம் பகுதிக்குச் சேலம் சந்தையும் பக்கம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019ல்தான். அதற்கு முன் நம் ஊர்க்காரர்கள் பாட்டு வாங்கக் கிழக்கே போனார்களா, மேற்கே போனார்களா? இதற்கு எந்த அரசுப் பதிவேடும் பதில் சொல்லாது. நூறு உறைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

உறையிலும் லேபிளிலும் கையெழுத்து இருந்தால் இன்னும் நல்லது. வைத்திருந்தவர் பெயர், பாட்டின் முதல் சொல், வரிசை எண் என்று எழுதி வைப்பது வழக்கம். தட்டின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். எச்.எம்.வி. தட்டுகளில் 'என்' வரிசை, கொலம்பியாவில் 'ஜி.இ.' வரிசை, ட்வின்னில் 'எஃப்.டி.' வரிசை எனத் தமிழ்த் தட்டுகளுக்கு எண்கள் உண்டு. எண் தெரிந்தால் உறையில்லாத தட்டுக்கும் ஆண்டைக் கிட்டத்தட்டக் கண்டுபிடிக்க முடியும்.

ஊசி டப்பாக் கணக்கு

நாய் படமோ வேறு படமோ போட்ட, உள்ளங்கையில் அடங்கும் தகர டப்பா கிடைத்தால் அது கிராமபோன் ஊசி டப்பா. பொதுவாக ஒரு டப்பாவில் 200 எஃகு ஊசிகள். உரத்த ஒலி, நடுத்தரம், மெல்லிய ஒலி என்று ஊசியின் தடிமனுக்குத் தகுந்தபடி வகைகள் இருந்தன. டப்பாவின் நிறமும் மாறும். இங்கிலாந்து, ஜெர்மனியிலிருந்தெல்லாம் இவை வந்தன.

தட்டில் இருக்கும் கல்பொடி ஊசியை அரைத்துவிடும். அதனால் ஒரு பக்கம் ஓடியதும் ஊசியை மாற்ற வேண்டும் என்பது கம்பெனியின் விதி. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம். அப்படியானால் ஒரு டப்பா 200 பக்கத்துக்கு, அதாவது 10 மணி நேரப் பாட்டுக்கு. பரணில் ஐந்து காலி டப்பாக்கள் இருந்தால் அந்த வீட்டில் குறைந்தது 50 மணி நேரம் பாட்டு ஓடியிருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களின் சிக்கனம் தெரியுமே. ஒரே ஊசியை நாலைந்து முறை ஓட்டியிருப்பார்கள். அப்படியானால் 200 மணி நேரத்துக்கும் மேல். ஒரு வீட்டின் இசை ஆர்வத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் பொருள் வேறு ஏது?

பாட்டுப் புத்தகமும் விலைப்பட்டியலும்

மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும் என்பதால் முழு நாடகத்தைக் கேட்கப் பல தட்டுகள் வேண்டும். நாடகத்தைப் பல தட்டுகளாகப் பிரித்து 'செட்' என்று விற்றார்கள். காகிதப் பைகளைப் புத்தகம்போலச் சேர்த்துத் தைத்த கெட்டி அட்டை உறையில் தட்டுகளை வரிசையாக வைப்பார்கள். அதற்கு ஆல்பம் என்று பெயர். இன்று கைப்பேசியில் பாட்டுத் தொகுப்பை ஆல்பம் என்று சொல்கிறோமே, அந்தச் சொல் இங்கிருந்து வந்ததுதான்.

தட்டுக் கம்பெனிகள் புதிய வெளியீடுகளின் பட்டியலைத் தமிழிலேயே அச்சிட்டன. பாடகர் படம், ராகம், தாளம், சில நேரம் பாட்டின் வரிகளும் அதில் இருக்கும். 1931ல் 'காளிதாஸ்' வந்து தமிழ்ப் படம் பேசத் தொடங்கியதும் சினிமாப் பாட்டுப் புத்தகம் பிறந்தது. கதைச் சுருக்கமும் பாட்டுகளும் நடிகர் பட்டியலும் கொண்ட சில பக்கங்கள். ஓரணா இரண்டணாவுக்குக் கொட்டகை வாசலில் விற்றது. அந்தக் காலப் படங்கள் பலவற்றின் பிரதி இன்று எங்கும் இல்லை. அப்படிப்பட்ட படங்களில் என்ன பாட்டு இருந்தது, யார் நடித்தார் என்று நமக்குச் சொல்வது அந்த மெல்லிய புத்தகம் மட்டும்தான்.

பாட்டுக்கும் இது பொருந்தும். நாடக மேடையின் உச்சியில் இருந்த எஸ்.ஜி. கிட்டப்பா 1906ல் பிறந்து 1933 டிசம்பரில் மறைந்தார். எந்தத் திரைப்படத்திலும் நடிக்கவில்லை. அவர் எப்படிப் பாடினார் என்பதை இன்று நாம் கேட்க முடிவது அரக்குத் தட்டுகளால்தான். அந்தத் தட்டு இத்தனை ஆண்டு உடையாமல் இருந்தது உறையால்.

நம் பக்கத்துக்கு வந்த பாட்டு

கிராமபோனுக்கு மின்சாரம் வேண்டாம். கைப்பிடியைச் சுற்றி வில்லை முறுக்கினால் ஓடும். அதனால் மின்கம்பம் வராத ஊரிலும் அது பாடியது. பெட்டிபோல மூடி, கையில் தூக்கிக்கொண்டு போகும் வகையும் வந்தது. வண்டி போகாத பாதையிலும் அதைச் சுமந்து போக முடியும்.

கல்வராயன் மலையை நினைத்துப் பாருங்கள். சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டு கடந்த பிறகும் அங்கே ஜாகிர்தார்களின் ஆளுகை நீடித்து, 1976ல்தான் முடிவுக்கு வந்தது. சாலையும் மின்சாரமும் மலைக்கு மெதுவாகத்தான் ஏறின. அப்படிப்பட்ட இடங்களுக்குப் பொருத்தமான பாட்டுக் கருவி கைப்பிடி கிராமபோன். வெள்ளிமலைப் பக்கம் உறவினர் உள்ளவர்கள் அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முதலில் கேட்ட பெட்டிப் பாட்டு எது, யார் கொண்டுவந்தார், சந்தைக்கா திருவிழாவுக்கா என்று. கேட்டதைத் தேதியோடு எழுதி வையுங்கள். மலையில் பாட்டுக் கேட்ட வரலாற்றை இதுவரை யாரும் எழுதி நான் படித்ததில்லை.

சமவெளியில் கிராமபோன் தட்டைப் பொதுச் சொத்தாக்கியவர்கள் ரேடியோ செட்காரர்கள். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுதல், தேர் என்று எந்த விசேஷமானாலும் மரத்தில் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டி, தட்டு போட்டு, ஊரையே கேட்க வைத்தவர்கள். டூரிங் டாக்கீஸிலும் படம் தொடங்கும் முன் தட்டுதான் ஓடும். பொது இடத்தில் அனுமதியில்லாமல் ஒலிபரப்பக் கூடாது என்று பிற்காலத் தட்டுகளின் லேபிளில் ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும். அந்த லேபிள் சுற்றச் சுற்றத்தான் ஊர் முழுவதும் பாட்டுக் கேட்டது!

சேலத்தில் டி.ஆர். சுந்தரம் 1930களின் நடுவில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கிய பிறகு, நமக்கு மிக அருகிலேயே ஒரு பெரிய பட நிறுவனம் இருந்தது. 1950ல் வந்த 'மந்திரி குமாரி' போன்ற படங்களின் பாட்டுகள் 78 சுற்றுத் தட்டுகளில்தான் ஊரூராகப் போயின. இந்தியாவில் 1960களின் இறுதி வரைக்கும் 78 சுற்றுத் தட்டு வந்துகொண்டிருந்தது. மேல்நாடுகளில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நின்றுவிட்டது. அதனால் பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகள் டம்டம்மில் 78 சுற்றுத் தட்டுகளாக அச்சாகி, இன்று உலகச் சேகரிப்பாளர்கள் தேடும் பொருளாகிவிட்டன.

உங்களில் யாருடைய குடும்பமாவது ரேடியோ செட் வைத்திருந்தால், டூரிங் டாக்கீஸ் நடத்தியிருந்தால், உங்கள் வீட்டுப் பரண்தான் முதலில் பார்க்க வேண்டிய இடம்.

காகிதத்தைக் காத்தவர்கள்

இதையெல்லாம் யார் சேர்ப்பார்கள் என்று நினைக்கலாம். சேர்த்தவர்கள் இருக்கிறார்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். பழைய புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் எறிந்ததையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1992ல் அவர் மறைந்தபோது ஏறக்குறைய ஒரு லட்சம் பொருட்கள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அவற்றைக் கொண்டு 1994ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று தமிழ் நாடகம், சினிமா, இசை பற்றி எழுதுபவர்கள் அங்கே போகாமல் எழுதுவதில்லை. நாடக நோட்டீஸைக் குப்பை என்று அவர் நினைத்திருந்தால் அந்த வரலாற்றில் பாதி இருந்திருக்காது.

சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரம் 78 சுற்றுத் தட்டுகளைச் சேர்த்து, அவற்றைப் பற்றித் தொடர்ந்து எழுதியவர். மும்பையில் 1990ல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தொடங்கியது. அதைச் சேர்ந்தவர்கள் ஓடியன், யங் இந்தியா முத்திரைத் தட்டுகளை லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு மின்வடிவில் பாதுகாத்தார்கள். இப்படிப்பட்டவர்கள் எல்லோருக்கும் பொருள் வந்து சேர்ந்தது யாரோ ஒருவர் வீட்டுப் பரணிலிருந்துதான்.

ஃபிளாட்டில் எங்கே வைப்பது?

இரண்டு படுக்கையறை வீட்டில் துணி வைக்கவே இடம் இல்லை, இதை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் இடம் பிடிப்பது தட்டுதான். ஐம்பது உறைகளும் நான்கு பாட்டுப் புத்தகமும் ஒரு ஃபைலில் அடங்கும். தட்டுகளைக் கொடுத்துவிட நேர்ந்தாலும் உறையையும் லேபிளையும் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். எந்த வீட்டில், எந்த ஊரில் கிடைத்தது என்று படத்தோடு எழுதி வையுங்கள். ஊர்ப்பெயர் இல்லாத உறை பாதிச் செய்தியை இழந்துவிடும்.

வைத்துக்கொள்பவர்களுக்குச் சில குறிப்புகள். தட்டைச் சானிடைசர், ஸ்பிரிட் எதனாலும் துடைக்காதீர்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், பாட்டே அழிந்துவிடும். மெல்லிய பிரஷ்ஷால் தூசு தட்டினால் போதும். தட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல், புத்தகம்போல நிறுத்தி வையுங்கள். பால்கனியில் வெயில் படும் இடமும் குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். தட்டைப் புதிய காகித உறையில் போட்டு, பழைய உறையைத் தனியே வையுங்கள். கிழிந்த உறையில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டில் மஞ்சளாகிக் காகிதத்தையும் கெடுக்கும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். இராமபாணப் பூச்சி வராமல் அவ்வப்போது பிரித்துப் பாருங்கள். ஊசி டப்பாவைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அச்சிட்ட படம் போய்விடும். எல்பி தட்டுக்கான ஊசியில் 78 சுற்றுத் தட்டை ஓட்டாதீர்கள். இதன் பள்ளம் அகலமானது. அதற்குத் தனி ஊசி உண்டு.

விற்க நினைப்பவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பளபளக்கும் பித்தளைக் கூம்போடு, நாய் படம் ஒட்டி, பழையது என்று விற்கும் கிராமபோன்கள் பல புதிதாகச் செய்தவை. ஊசி டப்பாவிலும் புதிய அச்சு வருகிறது. அளவுக்கு மீறிப் புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். நம் வீட்டுப் பொருள் பழையதுதானா என்ற சந்தேகம் நமக்கு இல்லை. எங்கே இருந்தது, யார் வைத்திருந்தார் என்று சொல்ல நம் வீட்டுப் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

பள்ளிக் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், இந்த முறை பரணை இறக்கும்போது பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். உறையில் கடை முத்திரையைத் தேடும் வேலையை அவர்களிடம் கொடுத்தால் நம்மைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள். கிடைத்ததைப் படம் எடுத்து, ஊர்ப்பெயரோடு நம் செய்திமடலுக்கு அனுப்புங்கள். ஐந்து வீட்டிலிருந்து வந்தாலும் போதும், அடுத்த இதழில் ஒரு பக்கத்தில் வரிசையாகப் போடலாம். கள்ளக்குறிச்சிக்காரர்கள் எந்த ஊர்க் கடையில் பாட்டு வாங்கினார்கள் என்ற கேள்விக்கு அதுதான் முதல் பதிலாக இருக்கும்.